அத்திப்பள்ளியில் உருண்ட குக்கர் மூடி

அந்த மூடி கர்நாடகத்தில் விழுந்து தமிழ்நாட்டை நோக்கி உருண்டது.

காலை எட்டு மணி இருக்கும். அத்திப்பள்ளியில் பஸ்ஸைவிட்டு இறங்கி, ஓசூர் சாலையின் ஓரமாக நாங்கள் மூன்று பேர் மாநில எல்லையை நோக்கி நடந்துகொண்டிருந்தோம். முன்னால் நான், தோளில் ஒரு பை, கையில் ஒரு பை. பின்னால் என் மனைவி ஸ்டெல்லா. அவளுக்கும் பின்னால், எங்களுக்கும் தனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று போகிற லாரிக்காரர்களுக்குக்கூடப் புரியும்படியான தூரத்தில், மகள் பெனிட்டா.

தோள் பையின் ஜிப் பட்டென்று விட்டுக்கொண்டது. முதலில் ஒரு கைலி விழுந்தது. பிறகு ஒரு துண்டு. அதன் பிறகு, நான் கைலிக்கும் துண்டுக்கும் அடியில் அவ்வளவு பத்திரமாகச் சுருட்டி வைத்திருந்த எவர்சில்வர் மூடி.

அது சும்மா விழுந்திருக்கலாம். விழவில்லை. சக்கரம்போல நிமிர்ந்து, டீசல் புகைக்கு நடுவே வெயிலில் மின்னிக்கொண்டு ஓடி, தமிழ்நாட்டின் வரவேற்புப் பலகையின் இரும்புக் காலில் முட்டி, இரண்டு சுற்று ஆடிவிட்டு டங்கென்று படுத்தது.

"அது என்னங்க?" என்றாள் ஸ்டெல்லா.

"எது?"

"அங்க போய் விழுந்துச்சே, அது."

"மூடி."

"மூடின்னு தெரியுது. எதோட மூடி?"

இருபத்தைந்து வருஷமாக ஆடிட்டர்களுக்குப் பதில் சொல்லிப் பழகியவன் நான். "பொதுவா, ஒரு பாத்திரத்தோட மூடி," என்றேன்.

பெனிட்டா தூரத்திலிருந்தே குரல் கொடுத்தாள்: "மம்மி, அது நம்ம ரைஸ் குக்கர். ஐயோ, டாடி செத்தாரு இன்னைக்கு!"

ஸ்டெல்லா நடப்பதை நிறுத்தினாள். அவள் பள்ளிக்கூடத்தில் கன்னட டீச்சர். வகுப்பில் குரலே உயர்த்த மாட்டாள் என்று பெயர். நாற்பது பிள்ளைகள் அடங்குவது அவள் பார்வைக்குத்தான். அதே பார்வையோடு என் தோள் பையைப் பார்த்தாள். அதற்குள் இன்னும் என்னென்ன இருக்கிறது என்று எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. மூன்று கிலோ அரிசி. புளி. பருப்புப் பொடி. ஒரு கரண்டி.

எல்லையில் என்ன நடை?

இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்கள், 'இந்த ஆள் ஏன் நெடுஞ்சாலையில் குடும்பத்தை நடத்திக் கூட்டிப்போகிறான்' என்று கேட்க மாட்டார்கள். போன வாரம் வாட்டர் ஃபில்டர் விவகாரத்தை எழுதியதற்கே ஒரு வாசகி, 'உங்கள் மனைவிக்கு என் அனுதாபங்கள்' என்று ஒற்றை வரியில் கடிதம் போட்டிருந்தார். அது இப்போது எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது. ஒட்டியது நானில்லை.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பெங்களூரில் அரசின் சாதாரண பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. இந்த மாநிலத்து முகவரியோடு அடையாள அட்டை காட்டினால் போதும். பூஜ்யம் போட்ட சீட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுப்பார்கள். ஆனால் மாநிலத்துக்குள் மட்டும்தான். தமிழ்நாட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஏறினால் எல்லாருக்கும் காசு. அந்தப் பக்கம் தமிழ்நாட்டிலோ, டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். அட்டைகூடக் கேட்பதில்லை.

சாதாரண மனுஷனுக்கு இதில் இரண்டு அரசாங்கங்களின் நல்லெண்ணம் தெரியும். எனக்கு இரண்டு இலவசங்களும், நடுவில் ஓர் அரை மணி நேர நடையும் தெரிந்தன.

காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டிலிருந்து சிவாஜிநகர். அங்கிருந்து மார்க்கெட். மார்க்கெட்டிலிருந்து அத்திப்பள்ளி. இறங்கி நட. எல்லையைத் தாண்டி ஜூஜூவாடியில் ஓசூர் டவுன் பஸ்ஸைப் பிடி. ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை. இப்படியே தொட்டுத் தொட்டு ஒகேனக்கல்லுக்குப் போய்விடலாம். குடும்பத்தில் மூன்றில் இரண்டு பேர் பெண்கள். இதைவிட லாபமான குடும்பம் ஒருவனுக்கு அமையுமா?

நேரடி பஸ்ஸில் ஏறினால் மத்தியானத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாமே என்று பெனிட்டா கேட்டாள். கேட்பாள். அவள் இன்னும் சம்பாதிக்க ஆரம்பிக்கவில்லை.

மூன்று கொட்டேஷன்

என் பிழைப்பைச் சொன்னால் என் வியாதி புரியும். அடுகோடியில் பம்புக்கு உதிரிபாகம் செய்கிற ஒரு சின்னத் தொழிற்சாலையில் நான் பர்ச்சேஸ் ஆபீசர். போல்ட்டு, நட்டு, வாஷர், கிரீஸ் டப்பா, டாய்லெட் பினாயில் எதுவானாலும் மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்க வேண்டும். குறைந்தவனுக்கு ஆர்டர். குறைந்தவனையும் கூப்பிட்டு உட்காரவைத்து, டீ கொடுத்து, இன்னும் குறைக்க வேண்டும்.

அவன் அதற்குமேல் இறங்கமாட்டேன் என்று அழுதால் ஒரு வித்தை இருக்கிறது. "சரிப்பா, லாரி எங்க ஸ்கோப். பேக்கிங் எங்க ஸ்கோப். இப்ப சொல்லு," என்பேன். அதாவது அந்த வேலைகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். உடனே ரேட் இறங்கும். பேப்பரில் பார்த்தால் பிரமாதமாக இருக்கும். அந்த லாரியை எங்களில் யார் பிடிப்பது, அந்தப் பெட்டியை யார் கட்டுவது என்பதெல்லாம் ஆர்டரில் எழுதுகிற வழக்கமில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஒரு திங்கட்கிழமை, வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த முதலாளியின் மகன் என் மேஜைப் பக்கம் வந்து நின்றான். என் மூன்று கொட்டேஷன் ஃபைலைப் புரட்டினான். "இதெல்லாம் இப்ப கம்ப்யூட்டரே பண்ணிடுமே, அங்கிள்?" என்றான். போய்விட்டான்.

அவ்வளவுதான் நடந்தது. அந்தப் பையன் சாப்பாட்டு வேளைக்குள் அதை மறந்திருப்பான். நான் மறக்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வருவதற்குள் வேலை போய், வாடகை கொடுக்க முடியாமல், ஈஜிபுராவில் ஒற்றை அறைக்குக் குடிமாறி, அந்த அறையும் மூன்றாவது மாடியில் இருந்து, தண்ணீர் மேலே ஏறாமல் நான் குடம் சுமந்துகொண்டிருந்தேன். சிக்னலில் பின்னால் நின்ற ஆட்டோக்காரர் ஹார்ன் அடித்த பிறகுதான் குடத்தைக் கீழே வைத்தேன்.

அன்றிலிருந்து வீட்டில் சிக்கனம்.

எட்டுக் கிலோ தக்காளி

தக்காளிக்கு மூன்று கொட்டேஷன் எடுத்தேன். தெருமுனைத் தள்ளுவண்டி, பத்து நிமிஷத்தில் கொண்டுவரும் ஆப், சிவாஜிநகர் மார்க்கெட். மார்க்கெட் ஜெயித்தது. ஆனால் எட்டுக் கிலோ எடுத்தால்தான் அந்த விலை. எடுத்தேன். அந்த வாரம் முழுக்கத் தக்காளிச் சட்னி, தக்காளித் தொக்கு, தக்காளிச் சாதம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கண்ணை மூடினால்கூடச் சிவப்பாகத் தெரிந்தது. போய்வந்த பெட்ரோலையும் பார்க்கிங்கையும் சேர்த்தால் தள்ளுவண்டிக்காரரே தேவலாம் என்று பெனிட்டா ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டாள். அந்த எட்டுக் கிலோவையும் யார் நறுக்கினார்கள் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. நானும்தான். சட்னியில் உப்பு கொஞ்சம் கம்மி என்று மட்டும், பேப்பரிலிருந்து நிமிராமலே சொன்னேன்.

கீஸருக்கு நேரக் கட்டுப்பாடு போட்டேன். பெங்களூர்க் குளிரில் காலை ஆறிலிருந்து ஆறேகால் வரை மூன்று பேரும் குளித்து முடிக்க வேண்டும். "இது வீடா, மிலிட்டரி கேம்ப்பா?" என்று கேட்டு, பெனிட்டா சிநேகிதி வீட்டில் போய்க் குளித்துவிட்டு வந்தாள்.

கிறிஸ்துமஸ் கேக்கைக் கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் பாதி விலையில் வாங்கினேன். பாதி விலை என்றதும் ஆறு வாங்கிவிட்டேன். தவக்காலம் பிறந்து மற்றவர்கள் எல்லாம் எதையாவது விட்டொழித்துக்கொண்டிருந்தபோது நாங்கள் ப்ளம் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

எல்லாவற்றுக்கும் சிகரம் சோப்பு. எங்களுக்கு சப்ளை செய்பவர் ஒருவர், லேத் மெஷினில் எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கிற சோப்பு ஆயில் விற்கிறார். கடையில் விற்கிற பாத்திரம் கழுவும் சோப்போடு ஒப்பிட்டால் நாலில் ஒரு பங்கு விலை. இருபது லிட்டர் கேன் கொண்டுவந்தேன். பாத்திரங்கள் நன்றாகவே பளபளத்தன. ஆனால் அதற்கப்புறம் ஒரு மாதம் இட்லி, காபி, மீன் குழம்பு எதைச் சாப்பிட்டாலும் எனக்கு ஆபீஸ் ஞாபகம் வந்தது. ஸ்டெல்லாவின் விரல் நுனிகள் தோல் உரிந்தன. ஒரு நாள் கேனைத் தூக்கிக்கொண்டுபோய் பாத்ரூமில் கவிழ்த்துவிட்டு, பிளாக்போர்டு சாக்பீஸ் தூசியைத் தட்டுகிற மாதிரி கையைத் தட்டிக்கொண்டாள்.

மைசூரில் தேனிலவு

இதற்கெல்லாம் வெகு முந்தைய குற்றம் ஒன்று இருக்கிறது. ஸ்டெல்லா அதைச் சண்டையில் எடுப்பதே இல்லை. எடுக்காமல் வைத்திருப்பதுதான் எனக்குப் பயம்.

கல்யாணமான புதிதில் எங்கேயாவது போகலாம் என்றாள். அந்த வாரமே ஆபீஸில் என்னை மைசூருக்கு ஒரு பேரிங் தொழிற்சாலையைப் பார்த்துவர அனுப்பினார்கள். போக வர கம்பெனி செலவு. கடவுளே திட்டம் போட்டுக் கொடுத்ததுபோல இருந்தது எனக்கு. புதுப் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போனேன். காலை பத்திலிருந்து இரண்டு மணிவரை அவள் அந்தத் தொழிற்சாலையின் வரவேற்பறையில், பட்டுப்புடவையோடு, பேரிங் கேட்லாக் படித்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு அரண்மனையை வாசலில் நின்று பார்த்தோம். உள்ளே போக டிக்கெட்.

இன்றைக்கும் எந்தக் கடையில் பால்பேரிங்கைப் பார்த்தாலும் அவள் அதன் அளவைச் சரியாகச் சொல்வாள்.

நாலு நாள்

இருபத்தைந்தாவது கல்யாண நாள், தசரா விடுமுறையில் வந்தது. என்ன வேண்டும் என்று கேட்டேன். கேட்கும்போதே மனசுக்குள் நகைக் கடை, புடவைக் கடை பில்லைக் கூட்டினேன்.

"நகை வேணாம். புடவை வேணாம்," என்றாள். எனக்கு மூச்சு சீரானது. "நாலு நாள் எங்கயாவது போகணும். அந்த நாலு நாளும் நான் சமைக்கக் கூடாது. அடுப்பு பக்கம் போகக் கூடாது. ஒரு வெங்காயத்தைக்கூடத் தொடக் கூடாது. அவ்வளவுதான்."

"இவ்வளவுதானா?" என்றேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன். உலகத்திலேயே மலிவான கோரிக்கையாக அது என் காதில் விழுந்தது.

"இவ்வளவுதான். பள்ளிக்கூடம் லீவு விட்டாலும் சமையலுக்கு லீவு இல்லீங்க. கிறிஸ்துமஸ், ஈஸ்டர், உங்க தங்கச்சி வர்றது, யாருக்குக் காய்ச்சல் வந்தாலும்... நானும் கணக்குப் பாத்தேன். கல்யாணத்துக்கப்புறம் நான் சமைக்காத நாளுன்னா, பெனி பொறந்தப்ப ஆஸ்பத்திரில இருந்த மூணு நாள்தான்."

வாக்குக் கொடுத்தேன். பிறகுதான் ஒகேனக்கல் ஓட்டல்களின் விலைப்பட்டியலைப் போனில் பார்த்தேன். மூன்று பேர், மூன்று வேளை, நாலு நாள். முப்பத்தாறு சாப்பாடு. முதலாளி மகன் கண்ணெதிரே வந்து நின்றான். அவனுக்குப் பின்னால் ஈஜிபுரா மாடிப்படி.

அப்போது 'சமையல் வசதியுடன் அறை' என்று ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது.

நான் வாக்கு மீறுகிறவன் இல்லை. யோசித்துத்தான் முடிவெடுத்தேன். ரைஸ் குக்கர் என்பது என்ன? அரிசியும் தண்ணீரும் போட்டுப் பட்டனைத் தட்டினால் அதுவே சமைக்கிறது. ஆக, சமைப்பது குக்கர், ஸ்டெல்லா இல்லை. பட்டனைத் தட்டுகிற விரல் யாருடையது என்கிற இடத்தில் மட்டும் என் வாதம் கொஞ்சம் ஆடியது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கைலிக்கு அடியில் வைத்து ஜிப்பை மூடினேன்.

மறுபடி எல்லைக்கு

ஆக, அத்திப்பள்ளி. லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. ஸ்டெல்லா நின்றுகொண்டே இருந்தாள்.

"ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் நின்னா எனக்கு மார்க்கெட் பஸ் வரும்," என்றாள் மெதுவாக. "வீடு வரைக்கும் பத்துப் பைசா செலவில்ல. நீங்கதானே கண்டுபிடிச்சீங்க?"

என் திட்டத்தில் இப்படி ஓர் ஓட்டை இருப்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெண்டாட்டி கோபித்துக்கொண்டு வீடு திரும்ப பஸ் காசு கேட்க வேண்டியதில்லை என்றாகிவிட்டால் புருஷனிடம் என்ன பிடிமானம் இருக்கிறது?

"ஸ்டெல்லா, சத்தியமா நீ தொட வேணாம். நான் வைக்கிறேன். நான் ஆக்குறேன்."

"நீங்க?"

"ஒரு டம்ளர் அரிசி, ரெண்டு டம்ளர் தண்ணி. இதுல என்ன இருக்கு?"

அவள் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "சரி. நல்லாக் கேட்டுக்கோங்க. இந்த நாலு நாள்ல ஒரே ஒரு வேலை, ஒரு சின்ன வேலை, சமையல்னு என் கைக்கு வந்துச்சுன்னா அந்த நிமிஷமே கிளம்பிடுவேன். பெனி வந்தா வரட்டும். நீங்களும் உங்க குக்கரும் இருந்துட்டு வாங்க."

"மம்மி, நானும் வந்துருவேன்," என்றாள் பெனிட்டா. இப்போது அவள் பக்கத்தில் வந்திருந்தாள்.

நான் தமிழ்நாட்டுக்குள் ஓடிப்போய் மூடியை எடுத்துவந்தேன்.

ஜூஜூவாடியில் டவுன் பஸ் கிடைத்தது. கண்டக்டர் ஸ்டெல்லாவுக்கும் பெனிட்டாவுக்கும் இலவசச் சீட்டு கொடுத்தார். எனக்கு டிக்கெட் போட்டார். பிறகு என் மடியிலிருந்த பையைப் பார்த்தார்.

"அதுல இன்னாது?"

"துணிங்க."

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கியது. பை கணீர் என்றது.

"துணி சத்தம் போடுதே சார்," என்றார் கண்டக்டர். "பொம்பளைங்களுக்குத்தான் ஃப்ரீ. பாத்திரத்துக்கு இல்ல. லக்கேஜ் ஒண்ணு எடுத்துக்க."

முன் சீட்டில் இருந்த ஓர் அம்மா திரும்பி, ஸ்டெல்லாவிடம் பரிவோடு கேட்டார்: "ஏம்மா, வீடு காலி பண்ணினு வர்றீங்களா?"

"இல்லீங்க," என்றாள் ஸ்டெல்லா. "டூர் போறோம்."

பஸ்ஸில் சிரிப்புக்கூட இல்லை. அதுதான் வலித்தது.

தேன்கனிக்கோட்டையோடு டவுன் பஸ் ராஜ்யம் முடிந்தது. அதற்கப்புறம் மூன்று பேருக்கும் முழு டிக்கெட், குக்கருக்கு லக்கேஜ். காட்டு வழியில் வளைந்து வளைந்து ஒகேனக்கல் போய்ச் சேரும்போது மணி மூன்று தாண்டிவிட்டது.

சமையல் வசதியுடன்

சமையல் வசதி என்பது சுவரில் ஒரு பிளக் பாயிண்ட். குக்கரைச் செருகினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. நான் பெருமையோடு திரும்பி ஸ்டெல்லாவைப் பார்ப்பதற்குள் அறையில் விளக்கு, ஃபேன், வெளியே வராந்தா, பக்கத்து அறை டிவி எல்லாம் ஒன்றாக அணைந்தன.

"எவன்யா ரூம்ல ஹீட்டர் போட்டது?" என்று கீழேயிருந்து மேனேஜர் கத்தினார்.

ஸ்டெல்லா கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து ஒரு வாரப்பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தைப் புரட்டினாளே தவிர, நிமிரவில்லை. நான் இருட்டில் குக்கரைத் திறந்து பார்த்தேன். அரிசி ஊறியிருந்தது. அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

"டாடி, பசிக்குது," என்றாள் பெனிட்டா. "ஆத்தங்கரையில மீன் வறுக்கிற வாசனை இங்க வரைக்கும் வருது. குக்கரை விடு டாடி, ப்ளீஸ்."

போனோம்.

மாதம்மாவின் அடுப்பு

ஒகேனக்கல்லில் ஒரு வழக்கம் உண்டு. மீன் கடையில் மீனை வாங்கிக்கொண்டு போனால், ஆற்றோரத்தில் வரிசையாக அடுப்பு வைத்திருக்கும் பெண்கள் அதைக் குழம்பும் வறுவலுமாக ஆக்கி, சோறும் வடித்துக் கொடுப்பார்கள். அவர்களுக்குக் கூலி. "வாங்கண்ணா, மீனக் குடுங்க, ஆக்கித் தர்றோம்" என்று நாலு பக்கமிருந்தும் கூப்பிட்டார்கள்.

நாலு பக்கமிருந்தும் கூப்பிட்டால் நான் என்ன செய்வேன்? மூன்று கொட்டேஷன் எடுத்தேன்.

கடைசி அடுப்புக்காரர் மாதம்மா. ஐம்பது வயது இருக்கும். வறுத்துக்கொண்டிருந்த மீனிலிருந்து வந்த மிளகாய் வாசனையில் பெனிட்டா அங்கேயே நின்றுவிட்டாள். ஆனால் மூன்றில் மாதம்மாவின் ரேட்தான் அதிகம்.

"அந்தப் பக்கத்து அம்மா கம்மியா சொல்றாங்களே," என்றேன்.

"அப்ப அங்கயே போண்ணா. யாரு வேணான்னா?"

இப்படிப் பேசுகிற சப்ளையரைத்தான் எனக்குப் பிடிக்கும். ரத்தம் சூடானது. அடுகோடி நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுபோலவே ஆகிவிட்டது. "சரிம்மா, இப்படி வெச்சுக்குவோம். மீன் கழுவுறது, வெங்காயம் உரிக்கிறது, மசாலா அரைக்கிறது எல்லாம் எங்க ஸ்கோப். நீங்க அடுப்புல வெச்சு இறக்கிக் குடுத்தா போதும். இப்ப ரேட் சொல்லுங்க."

"ஸ்கோப்புன்னா இன்னாண்ணா?"

"அந்த வேலையெல்லாம் நாங்க பாத்துக்குவோம்."

"நாங்கன்னா?" என்றார் மாதம்மா. "யாரு?"

நான் எதையும் யோசிக்கவில்லை. கடவுள் சாட்சியாகச் சொல்கிறேன், என் கழுத்து தானாகத் திரும்பியது. திரும்பி, ஒரு பாறைமேல் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்த ஸ்டெல்லாவிடம் போய் நின்றது.

ஸ்டெல்லா அதைப் பார்த்துவிட்டாள்.

எழுந்தாள். கைப்பையைத் தோளில் மாட்டினாள். செருப்பைப் போட்டாள். பஸ் ஸ்டாண்டுக்கு அந்த அடுப்பைத் தாண்டித்தான் போக வேண்டும். கடைசி பஸ் எப்போது என்று எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும், வரும்போதே கண்டக்டரிடம் கேட்டு வைத்திருந்தாள். "ஸ்டெல்லா, வாய் தவறி..." என்றேன். வாய் எங்கே தவறியது? கழுத்து அல்லவா? என் பக்கம் பார்க்காமலே என்னைத் தாண்டி நடந்தாள்.

மாதம்மாவுக்கு எதிரே போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, நாலு நாள் இங்கதான் இருக்கோம். தினம் ரெண்டு வேளை. மூணு பேரு. இந்த ஆளு உங்ககிட்ட வேலை பாப்பாரு. மீன் கழுவுறது, உரிக்கிறது, அம்மி, பாத்திரம் எல்லாம். எங்களுக்கு மட்டுமில்ல, உங்ககிட்ட வர்ற எல்லாருக்கும். இப்ப ரேட் சொல்லுங்க."

மாதம்மா என்னைப் பார்த்தார். எங்கள் ஸ்டோரில் வந்து இறங்குகிற சரக்கை நான் அப்படித்தான் பார்ப்பேன். "கையக் காட்டுண்ணா."

காட்டினேன்.

"பேனா புடிக்கிற கை," என்றார் திருப்தியில்லாமல்.

"பழகிடும்," என்றாள் ஸ்டெல்லா.

"பாதியில எந்திரிச்சு ஓடிட்டா?"

"ஓட மாட்டாரு. பஸ்ஸுக்கு அவரு டிக்கெட் எடுக்கணும்."

மாதம்மா சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே ஒரு ரேட் சொன்னார். இருபத்தைந்து வருஷத்தில் நான் எந்த சப்ளையரிடமும் அப்படியொரு ரேட்டை வாங்கியதில்லை. அந்த நிமிஷத்திலும் என் தொழில் புத்திக்குப் பொறாமைதான் வந்தது.

நான் பார்த்த ஒகேனக்கல்

அருவி எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். எனக்குச் சத்தம் மட்டும்தான் தெரியும்.

ஸ்டெல்லா பரிசலில் போனாள். பெனிட்டாவோடு அருவியில் குளித்தாள். எண்ணெய் தேய்த்துவிடும் பெண்ணிடம் ஒரு மணி நேரம் கண்மூடிப் படுத்திருந்தாள். மத்தியானம் தூங்கினாள். என் மனைவி மத்தியானத்தில் தூங்குவாள் என்பதே எனக்குச் செய்தி.

நான் வெங்காயம் உரித்தேன். சின்ன வெங்காயம். ஒரு கூடை முடிந்தால் இன்னொரு கூடை. மீன் செதில் சீவினேன். "பெங்களூராரே, செதில்ல பாதி உன் தலையில இருக்குது, பாதி மீன்லயே இருக்குது," என்பார் மாதம்மா. அம்மியில் குனிந்து எழுந்ததில் இடுப்பு எனக்குச் சொந்தமானதாகத் தோன்றவில்லை. நான் எந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாலும் புகை அந்தப் பக்கமே வந்தது. ஒரு வேளை முடிந்து பாத்திரத்தைக் கவிழ்த்தால், அடுத்த வேளைக்கு யாராவது மீனோடு வந்து நின்றார்கள். இது எப்போது முடியும் என்று மாதம்மாவிடம் கேட்டேன். "இன்னா முடியும்?" என்று திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்வியே அவருக்குப் புரியவில்லை.

பெனிட்டா என்னைப் படம் பிடித்து உறவுக்காரர்களின் குரூப்பில் போட்டாள். அது எப்படியோ ஆபீஸ் வரைக்கும் போய், முதலாளி மகன், 'சூப்பர் அங்கிள்! திங்கள்கிழமை அந்த வாஷர் கொட்டேஷன் மூணும் வேணும்' என்று அனுப்பியிருந்தான். மீன் கையோடு அதை இரண்டு தடவை படித்தேன். யாருக்கு இத்தனை நாள் பயந்தேன் என்று அம்மிக்கல்லிடம்தான் கேட்க வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் எனக்கு ஒரு விசித்திரமான கோபம் வந்தது. அன்றைக்கு மசாலா முழுக்க நான் அரைத்தது. ஸ்டெல்லாவும் பெனிட்டாவும் சாப்பிட உட்கார்ந்தார்கள். நான் பாத்திரம் தேய்க்கிற சாக்கில் ஸ்டெல்லாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பரிசலில் யாரோ போனை ஆற்றில் போட்ட கதையைப் பேசிக்கொண்டே சாப்பிட்டாள், கை கழுவினாள், எழுந்து போனாள். மசாலாவைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தேன்.

நாலாம் நாள் மத்தியானம். ஊருக்குக் கிளம்புமுன் கடைசிச் சாப்பாடு. "இன்னைக்கு நீயே ஆக்குண்ணா," என்று மாதம்மா நகர்ந்து உட்கார்ந்துகொண்டார். புளி கரைத்தது, தாளித்தது, மீனைப் போட்டது, இறக்கியது எல்லாம் நான். மீன் உடையவில்லை. நிறம்கூட வந்திருந்தது.

ஸ்டெல்லாவுக்கு நானே பரிமாறினேன். பரிமாறிவிட்டு நகராமல் நின்றேன். அவள் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். மென்றாள். ஆற்றைப் பார்த்தாள். அப்புறம் ரொம்ப நாளாகக் காத்திருந்த ஒன்று கையில் வந்து சேர்ந்தவள்போல, முகமெல்லாம் மலர, அவசரமே இல்லாமல் சொன்னாள்:

"உப்பு கொஞ்சம் கம்மி."

நான் போய் உப்பு டப்பாவை எடுத்துவந்தேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பெனிட்டாவோடு பேசிக்கொண்டே தட்டை மட்டும் என் பக்கம் நகர்த்தினாள்.